மைக்கை அணைத்து வைத்திருந்த மூன்று மாதங்கள்

2021 தொடக்கத்தில் என் ஷிஃப்ட் மாறியது. மதியம் ஆரம்பித்து இரவு பதினொன்றுக்கு முடியும் வேலை. லேப்டாப்பை மூடும்போது தெரிந்தவர்கள் எல்லோரும் தூங்கப் போயிருப்பார்கள். எனக்குத் தூக்கம் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். நாளிலேயே நீளமான நேரம் அதுதான். யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுப்பேன், மணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன்.

அப்படித்தான் மறுபடியும் ஆன்லைன் கேமுக்கு வந்தேன். அதற்கு முன்பு ஒரு போட்டி கேமை ஆறேழு மாதம் ஆடிக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் கொண்ட டீம், ஜெயித்தால் ராங்க் ஏறும், தோற்றால் இறங்கும். ஒருநாள் முதல் தடவையாக மைக்கை ஆன் செய்து, "இடது பக்கம் ரெண்டு பேர் வர்றாங்க" என்ற அளவுக்குத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். பெண் குரல் என்று தெரிந்ததும் ஒருவன் சீட்டியடித்தான். இன்னொருவன் பேசியதை இங்கே எழுத விருப்பமில்லை. மற்ற இருவரும் எதுவும் நடக்காதது போல ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரின் மௌனம்தான் பேசியவனின் வார்த்தைகளைவிட எனக்கு அதிக நாள் வலித்தது. அன்றைக்கே கேமை நீக்கிவிட்டேன்.

அதனால் திரும்பி வரும்போது ஒரே ஒரு முடிவோடு வந்தேன். விளையாடலாம், பேசக் கூடாது.

நான் தேர்ந்தெடுத்தது டீப் ராக் கேலக்டிக். டென்மார்க்கின் கோஸ்ட் ஷிப் கேம்ஸ் உருவாக்கியது, 2020 மே மாதம் முழுப் பதிப்பாக வெளிவந்தது. நான்கு குள்ளர்கள் வேற்றுக் கிரகத்தின் குகைக்குள் இறங்கிக் கனிமம் வெட்டி எடுத்துக்கொண்டு உயிரோடு திரும்ப வேண்டும். எதிரில் இருப்பது இன்னொரு டீம் இல்லை, குகையும் அதிலுள்ள பூச்சிகளும்தான். டிரில்லர் சுரங்கம் துளைப்பான். கன்னர் பெரிய துப்பாக்கியோடு காவல் நிற்பான், பள்ளத்தின் மேல் ஜிப்லைன் கட்டுவான். ஸ்கவுட் கொக்கிக் கயிற்றை எறிந்து உயரத்துக்குப் பறப்பான், இருட்டுக் குகைக்கு வெளிச்சம் போடுவான். நான் எடுத்துக்கொண்டது இன்ஜினியர். இன்ஜினியரிடம் ஒரு துப்பாக்கி உண்டு. சுட்டால் சுவரில் ஒரு மேடை முளைக்கும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் முதல் நட்பு அந்த மேடையின் மேல்தான் தொடங்கியது. குகையின் கூரைக்குப் பக்கத்தில், எட்டாத உயரத்தில், சிவப்பாக ஒரு கனிமம் மின்னும். நைட்ரா என்று பெயர். அதில் 80 சேர்ந்தால்தான் தோட்டாவும் மருந்தும் அடங்கிய சப்ளை பெட்டியை வரவழைக்க முடியும். ஸ்கவுட்டால் அங்கே பறந்து போக முடியும், நிற்க இடம் இருக்காது. என்னால் அங்கே மேடை முளைக்க வைக்க முடியும், போய்ச் சேர முடியாது. ஆக, அவன் அந்தக் கனிமத்தை லேசர் பாயின்டரால் குறிப்பான். நான் அதற்குக் கீழே மேடை சுடுவேன். அவன் பறந்து போய் அதன்மேல் நின்று வெட்டுவான். ஒரு வார்த்தை தேவையில்லை. ஆனால் நான் சுடுவதற்குள் அவன் பறந்துவிட்டால் விழுந்து அடிபடுவான். ஆகவே அந்த ஒரு நொடி அவன் என்னை நம்ப வேண்டும்.

முதல் இரவே ஒரு ஸ்கவுட் அப்படி நம்பினான். நான் சுடுவதற்கு முன்பே கயிற்றை எறிந்துவிட்டான். அவன் போய்ச் சேர்ந்த நேரமும் மேடை வந்த நேரமும் ஒன்றாக இருந்தன. இறங்கி வந்து என் முன்னால் நின்று வி பட்டனை அழுத்தினான். அதை அழுத்தினால் குள்ளன் கையை உயர்த்தி "ராக் அண்ட் ஸ்டோன்" என்று முழங்குவான். வணக்கம், நன்றி, சபாஷ் எல்லாமே அந்த ஒரு பட்டன்தான். நானும் அழுத்தினேன். ரவுண்ட் முடிந்ததும் அவனிடமிருந்து ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் வந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட்டை ஏற்றுக்கொண்டதோடு யாரும் நண்பராகிவிடுவதில்லை. என் பட்டியலில் இன்றும் எழுபது பேர் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேரை எங்கே பார்த்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டாவது இரவுதான் முக்கியம். ரிக்வெஸ்ட்டை ஏற்றுக்கொண்ட கையோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "நேற்று நல்லா இருந்தது. நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன்" என்றால் போதும். நான் அன்று அப்படித்தான் தட்டச்சு செய்தேன். மறுநாள் பதினொன்றே காலுக்கு அவன் பெயருக்குப் பக்கத்தில் ஆன்லைன் என்று காட்டியது.

அதற்கு மறுவாரம் ஒரு கன்னர் சேர்ந்தார். அப்புறம் ஒரு டிரில்லர். திங்கள், புதன், வெள்ளி என்று நாட்களையும் முடிவு செய்தோம். நேரம் குறிக்காத குழு எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கி நான் பார்த்ததில்லை. "எப்போ ஃப்ரீயோ அப்போ ஆடலாம்" என்று ஆரம்பிக்கிற குழுவில், ஃப்ரீயாக இருக்கும் நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவே போகாது. வெவ்வேறு நாடுகளில் இருந்தால் ஒரே ஒருவரின் ஊர் நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தையே ஒரு மணி நேரம் மாற்றி வைக்கிறார்கள். எங்கள் கன்னர் அப்படிப்பட்ட நாட்டுக்காரர். அந்த மார்ச் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து தனியாகக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்றே நினைத்தாராம்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வைப் பற்றி வெகுநாள் கழித்துப் படித்தேன். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் என்று அதில் வருகிறது. சேர்ந்து வேலை பார்த்த நேரம் அதில் பெரிதாகக் கணக்குக்கு வரவில்லை. சும்மா சேர்ந்திருந்த, சேர்ந்து விளையாடிய நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டியது. படித்ததும் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று இரவு, இரவுக்கு ஒன்றரை மணி நேரம். 50 மணி நேரம் ஆகப் பதினொரு வாரம். எங்களுக்குள் எல்லாம் மாறியது பன்னிரண்டாவது வாரத்தில்.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். சப்ளை பெட்டியில் நான்கு பங்கு இருக்கும், ஆளுக்கு ஒன்று. ஒரு ரவுண்டில் டிரில்லர் இரண்டு பங்கை எடுத்துவிட்டார். கடைசியில் என்னிடம் தோட்டாவே இல்லை, எல்லோரும் செத்து ரவுண்ட் தோற்றது. எல்லோரும் பார்க்கிற சாட்டிலேயே, "எண்ணத் தெரியாதா?" என்று அவரைக் கேட்டுவிட்டேன். பதில் எதுவும் சொல்லாமல் லாபியை, அதாவது ரவுண்டுக்கு முன்னும் பின்னும் எல்லோரும் கூடி நிற்கும் இடத்தை, விட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் ஸ்கவுட் சொன்னான், அவர் கேம் வாங்கியே நான்கு நாள்தான் ஆகிறது, ஆளுக்கு ஒன்று என்பதே அவருக்குத் தெரியாது என்று. என்னிடம் அந்த ஐந்து பேர் டீம் நடந்துகொண்டதை நான் இன்னொருவரிடம் செய்திருக்கிறேன் என்று புரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. அவருக்குத் தனியாக எழுதினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை உங்களுக்காகக் காத்திருப்போம் என்று மட்டும். வெள்ளிக்கிழமை வந்தார். இன்றைக்கு வரைக்கும் பெட்டி இறங்கினால் கடைசி ஆளாகத்தான் எடுப்பார்.

இதிலிருந்து எனக்குப் பழக்கமானது ஒன்று. குறை சொல்ல வேண்டியிருந்தால் ரவுண்ட் முடியட்டும், தனியாகச் சொல்லுங்கள். பாராட்ட வேண்டியிருந்தால் எல்லோர் முன்னாலும், அப்போதே. புதியவர் ஒருவர் செய்தது தவறாகத் தோன்றினால், முதலில் அவருக்கு அது தெரியுமா என்று கேளுங்கள்.

இவ்வளவும் நடந்தது தட்டச்சிலும் சைகையிலும்தான். மற்ற மூவரும் டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், பதிலைத் தட்டச்சு செய்வேன். மைக் ரிப்பேர் என்று சொல்லியிருந்தேன். யாரும் ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழகுவது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற கேமில் படமே கிடையாது, எல்லாமே தட்டச்சுதான். 2012இல் வந்த ஜர்னியில் எழுத்தும் கிடையாது. பாலைவனத்தில் எதிர்ப்படும் இன்னொரு ஆட்டக்காரரிடம் ஒரு மெல்லிய ஓசையை எழுப்ப முடியும், அவ்வளவுதான். அவர் பெயரே முடிவில்தான் தெரியும். கூச்சம் இருக்கிறவர்கள், என்னைப் போல அடிபட்டவர்கள், மைக் இல்லாமல் தாராளமாகத் தொடங்கலாம். கை சைகையும் பாயின்டரும் நன்றாக இருக்கிற கேமாகப் பார்த்து எடுங்கள்.

பன்னிரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை. கன்னரும் டிரில்லரும் வரவில்லை. ஸ்கவுட்டும் நானும் மட்டும். அதுவரை அவனோடு எல்லாமே ஆங்கிலம்தான், என்னை "ப்ரோ" என்றுதான் கூப்பிடுவான். நடு ரவுண்டில் அவன் மைக்கில், தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னும் தூங்கலையாடா நீ?"

கையை எடுத்துவிட்டேன். என் குள்ளன் பூச்சிகளுக்கு நடுவில் அப்படியே நின்றான். யோசிக்கவே இல்லை, மைக்கை ஆன் செய்து, "அம்மா கூப்பிடறாங்க பாருங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மிக மெதுவாக, "அக்கா... நீங்க தமிழா?" என்றான்.

அன்று இருவரும் ரவுண்டில் செத்துப்போனோம். அப்புறம் ஆடவே இல்லை, லாபியில் நின்றுகொண்டு இரண்டு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் பன்னிரண்டு வாரமாக ஒரே "யூ"வில் ஓடிக்கொண்டிருந்தது, தமிழுக்கு வந்ததும் நீயா நீங்களா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அவனுக்கு வயது பத்தொன்பது, எனக்கு முப்பத்து மூன்று. அவன் "அக்கா, நீங்க" என்பதில் உறுதியாக இருந்தான். நான் ஒரு வாரம் "நீங்க" என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை, "நீ" ஆகிவிட்டது. ப்ரோ என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். மைக் ரிப்பேர் என்று பொய் சொன்னதற்கு நானும் கேட்டேன். ஏன் அப்படி வைத்திருந்தேன் என்று அவன் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நானாகவே சொன்னபோது, "நான் அந்த டீம்ல இருந்திருந்தா பேசியிருப்பேனான்னு யோசிக்கிறேன்கா" என்றான். பேசியிருப்பேன் என்று சொல்லாமல் யோசிக்கிறேன் என்று சொன்னான் பாருங்கள், அதனால்தான் அவன்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

உங்கள் டீமில் யாராவது ஒருவரை இன்னொருவர் கேவலமாகப் பேசினால், வாயைத் திறந்து "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேசுகிறவரை மியூட் செய்வது, ரிப்போர்ட் செய்வது எல்லாம் அடுத்தது. பேச்சு வாங்குகிறவருக்குத் தேவைப்படுவது, டீமில் ஒருவராவது தன் பக்கம் இருக்கிறார் என்ற ஒரு தகவல்.

குரல் வந்தபிறகு குழுவே வேறு மாதிரி ஆனது. நாங்கள் அதிகம் பேசியது சண்டை நடக்கும்போது இல்லை, இரண்டு ரவுண்டுக்கு நடுவில் லாபியில் நிற்கும் நேரத்தில்தான். ஒருவர் ஆயுதம் மாற்றிக்கொண்டிருப்பார், ஒருவர் எழுந்து போயிருப்பார், மீதி இருவர் சும்மா நிற்பார்கள். கண் திரையில் இருக்கிறது, கைக்கு ஏதோ வேலை இருக்கிறது, முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. முகத்துக்கு நேராகச் சொல்ல வராத விஷயங்கள் அப்போது வந்துவிடும். டிரில்லர் தன் விவாகரத்தைப் பற்றி முதலில் சொன்னது அப்படித்தான், வெடிமருந்து நிரப்பிக்கொண்டே. அதனால் ரவுண்ட் முடிந்த கையோடு அடுத்ததை ஆரம்பிக்கிற பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். ஐந்து நிமிடம் சும்மா நிற்போம்.

புதுக் கேமுக்கு மாறும்போது பல குழுக்கள் உடைகின்றன. மூன்று பேரின் கம்ப்யூட்டரில் ஓடும், ஒருவரின் கம்ப்யூட்டரில் ஓடாது. அந்த ஒருவர் "பரவாயில்லை, நீங்க ஆடுங்க" என்பார். அதை நம்பி ஆடினால் ஆளை இழந்துவிடுவீர்கள். எங்களில் பழைய மெஷின் வைத்திருப்பவர் கன்னர். எது புதிதாக எடுத்தாலும் அவருடைய மெஷினில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்போம்.

சிறு பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நட்பு மெதுவாகத்தான் வளரும். பழகி இரண்டே நாளில் தனி சாட்டுக்குக் கூப்பிடுவது, போட்டோ கேட்பது, கேமில் விலையுயர்ந்த பரிசு கொடுப்பது, "இதை வீட்டில் சொல்லாதே" என்பது, இதில் ஒன்று வந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை அதை உங்களிடம் வந்து சொன்னால் கேமைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை சொல்லாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும், கூடவே பணமும் பாஸ்வேர்டும். எங்கள் நால்வருக்குள் இன்று வரைக்கும் பணம் கைமாறியதில்லை.

2022இல் ஒரு திங்கட்கிழமை ஸ்கவுட் வரவில்லை. புதனும் வரவில்லை. நாங்கள் கேம் ஆடும் ஸ்டீம் தளத்தில் அவன் பெயருக்குக் கீழே கடைசியாக வந்து பன்னிரண்டு நாள் என்று காட்டியது, பிறகு இருபது நாள் ஆனது. அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், எந்த ஆயுதத்தை எப்படி மாற்றி வைத்திருப்பான், எல்லாம் எனக்குத் தெரியும். அவன் போன் நம்பர் தெரியாது. வீட்டில் ஒருவரின் பெயர்கூடத் தெரியாது. நாங்கள் மூவரும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தோம். கூரையில் நைட்ரா தெரியும்போது மேடையைச் சுட்டுவிட்டு, மேலே போக ஆளில்லை என்று பிறகுதான் நினைவு வரும்.

மட்ஸ் ஸ்டேன் என்ற நார்வே இளைஞரைப் பற்றி அந்த நாட்களில்தான் நிறைய நினைத்தேன். தசைகள் சிறிது சிறிதாகச் செயலிழக்கும் டுஷேன் நோயோடு பிறந்தவர், 2014இல் தன் 25ஆவது வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவர் இறந்த செய்தியை அவருடைய வலைப்பதிவில் எழுதினார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் அவரை இபெலின் என்ற பெயரில் அறிந்திருந்தவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவருடைய பெற்றோரிடம் அந்த வலைப்பதிவின் பாஸ்வேர்ட் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் எதுவுமே தெரிந்திருக்காது.

நூறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரோடு ஆடியிருந்தால், கேமுக்கு வெளியே தொடர்புகொள்ள ஒரு வழியாவது வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மின்னஞ்சலாவது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், "எனக்கு ஏதாவது ஆனால் இவர்களுக்குச் சொல்லு" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் என் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். கன்னரும் டிரில்லரும் அந்த மாதமே ஆளுக்கொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் அவனுக்கு வாரம் ஒரு வரி எழுதினோம். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அன்று என்ன ஆடினோம், எப்படிச் செத்தோம் என்று மட்டும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பாரம் அதில் இருக்கக் கூடாது என்று டிரில்லர்தான் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றே காலுக்கு, பெயர் பச்சையாக மாறியது. நாங்கள் மூவரும் ஏற்கெனவே குகைக்குள் இருந்தோம். நடுவில் வந்து சேர்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. கூரையில் ஒரு சிவப்பு மின்னலைக் குறித்தான். நான் மேடையைச் சுட்டேன், அவன் எப்போதும் போல முன்னாடியே பறந்திருந்தான்.

ரவுண்ட் முடிந்து லாபியில்தான் சொன்னான். அம்மாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேயே ஐந்து வாரம், போனில் கேம் சாட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. நேற்றுதான் எங்கள் ஐந்து செய்திகளையும் ஒன்றாகப் படித்தானாம், அம்மாவுக்கும் படித்துக் காட்டினானாம்.

"இப்போ எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்வதற்குள் ஹெட்செட் கைமாறுகிற சத்தம் கேட்டது. அதே குரல், இந்தத் தடவை பக்கத்தில்.

"நீதான் அந்த மேடை போடுற பொண்ணாம்மா?"

"ஆமாம்மா."

"அவன் விழாம பாத்துக்கம்மா."

"சரிம்மா" என்றேன்.